நோயாளியை விசாரித்தோம், அருகில் இருப்பவரை விசாரித்தோமா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நோயாளியை நலம் விசாரிப்பதன் சிறப்பைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளில் அதுவும் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது நமக்குத் தெரியும். அல்ஹம்துலில்லாஹ், நம் திண்டுக்கல்லில் அந்தப் பழக்கம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பேகம்பூரில் ஒருவரை லுஹருக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அஸருக்குள் பாதி மஹல்லாவுக்குச் செய்தி போய்விடும். மறுநாள் கட்டில் ஓரத்தில் ஆப்பிளும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் குவிந்துவிடும்.

இன்றைக்கு நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறொரு கேள்வி. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரை யாராவது விசாரித்தோமா?

கணவன் படுத்திருந்தால் மனைவி. மனைவி படுத்திருந்தால் கணவன். நாம் உள்ளே போனதும் அவர் எழுந்து அந்த ஸ்டூலை நமக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார். "பாய்க்கு இப்போ எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறோம். அவர் முழுக் கதையையும் சொல்கிறார். அடுத்து வருபவருக்கும் அதே கதை. அதற்கு அடுத்தவருக்கும் அதேதான். இருபது பேருக்கு இருபது தடவை சொல்லி முடிக்கிறார். அந்த இருபது பேரில் ஒருவராவது, "நீங்க சாப்பிட்டீங்களா? ராத்திரி தூங்கினீங்களா?" என்று அவரைக் கேட்டோமா?

ஆஸ்பத்திரியோடு முடிவதில்லை

சகோதரர்களே! ஆஸ்பத்திரி நாட்களையாவது ஊர் பார்க்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுள்ள நாட்களைப் பார்ப்பவர் யாருமில்லை.

பக்கவாதம் வந்த ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். அந்த இரண்டு மணி நேரக் கணக்கில் இரவும் அடங்கும். அப்படியென்றால் அவருடைய மனைவி தொடர்ந்து எத்தனை மணி நேரம் தூங்க முடியும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் கை கால்களுக்குப் பயிற்சி. மாத்திரையில் எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்ற கணக்கு. கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும். மாதம் ஒருமுறை மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்றால் போக அறுபது கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு. நடக்க முடியாத மனிதரோடு அந்தப் பயணம்!

இருதய அறுவை சிகிச்சை செய்தவருக்கு நெஞ்செலும்பு கூடவே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு, அது பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று பல மாதங்கள் நீளும். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை. உடல் தேறுவது என்பது மாதக் கணக்கு. நாம் விசாரிக்கப் போவதோ வாரக் கணக்கு. முதல் வாரம் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. மூன்றாவது மாதம் அதே வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இருக்காது.

நோயாளி படிப்படியாகத் தேறிக்கொண்டிருப்பார். பார்த்துக்கொள்பவரோ படிப்படியாகத் தேய்ந்துகொண்டிருப்பார். இதை நாம் கவனிப்பதே இல்லை.

பத்ருக்குப் போகாத ஒருவர்

இந்த விஷயத்தில் நமக்கு வழிகாட்டும் ஒரு நிகழ்வு நம் வரலாற்றில் இருக்கிறது. கேள்விப்பட்ட நிகழ்வுதான். ஆனால் நாம் அதை இந்தக் கோணத்தில் யோசித்திருக்க மாட்டோம்.

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு, ரமலான் மாதம். கி.பி. 624. பத்ருப் போருக்காக முஸ்லிம்கள் மதீனாவிலிருந்து புறப்படுகிறார்கள். முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். எதிரில் வரும் படை அதைப்போல் மூன்று மடங்கு. ஓர் ஆள் குறைந்தாலும் குறைதான். அந்த நேரத்தில் நபியவர்களின் மகள் ருகையா (ரலி) நோயுற்றுப் படுத்திருக்கிறார்கள். அவர்களுடைய கணவர் உஸ்மான் (ரலி). மக்காவின் கொடுமைகளுக்கிடையே இருவரும் சேர்ந்து அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் போனவர்கள். நபியவர்கள் உஸ்மானைப் படையில் சேர்த்துக்கொள்ளவில்லை. மனைவியின் அருகில் இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி மதீனாவிலேயே விட்டுச் சென்றார்கள்.

பத்ரில் வெற்றி கிடைத்தது. அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு ஸைத் பின் ஹாரிஸா (ரலி) மதீனாவுக்குள் வந்தபோது, ருகையா (ரலி) அவர்களின் அடக்கம் நடந்துகொண்டிருந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

உஸ்மான் (ரலி) போரிலும் இல்லை. மனைவியும் பிழைக்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் என்ன தீர்ப்பளித்தார்கள்? பத்ரில் கலந்துகொண்டவருக்கு என்ன நற்கூலியோ அது அவருக்கும் உண்டு, போர்ப் பொருளில் என்ன பங்கோ அதுவும் அவருக்கு உண்டு என்று அறிவித்தார்கள்.

இதன் பின்கதை புகாரியில் வருகிறது. பல ஆண்டுகள் கழித்து, ஹஜ்ஜுக்கு வந்த ஒரு எகிப்துக்காரர் இப்னு உமர் (ரலி) அவர்களிடம், உஸ்மான் பத்ரில் கலந்துகொள்ளவில்லையே என்று குற்றம் சாட்டும் தொனியில் கேட்கிறார். இப்னு உமர் (ரலி) பொறுமையாக விளக்குகிறார்கள்: அவருடைய மனைவி, நபியவர்களின் மகள், நோயுற்றிருந்தார், அவருக்கு பத்ருவாசியின் கூலியும் பங்கும் தரப்பட்டன என்று.

கவனித்தீர்களா? மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்ததற்காக ஒருவர் மீது பல ஆண்டுகள் கழித்தும் பழி வருகிறது. இன்றும் அப்படித்தானே! "கல்யாணத்துக்கு வரலையே", "மௌத்து வீட்டுக்கு எட்டிப் பார்க்கலையே", "கடையைத் திறக்கவே மாட்டேங்கிறாரே" என்று பேசுகிறோம். ஒருவர் வராத இடம்தான் நமக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்பது தெரிவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பங்கு, நோயாளி குணமானதற்குப் பரிசாகத் தரப்படவில்லை. ருகையா (ரலி) வஃபாத்தாகிவிட்டார்கள். பங்கு கிடைத்தது உடன் இருந்ததற்காக. நோயாளி தேறுவதும் தேறாததும் அல்லாஹ்வின் நாட்டம். உடன் இருப்பது மட்டும்தான் மனிதனின் வேலை. அந்த வேலையைச் செய்தவர் முழுப் பங்குக்கும் உரியவர்.

நாம் செய்யும் சிறு உபகாரம் என்பது இதுதான். நோயாளியின் அருகில் இருப்பவருக்கு ஊர் எடுத்து வைக்கும் பங்கு அது. "நீங்கள் எங்கும் வராமல் இருந்தாலும், எங்கள் கணக்கில் இருக்கிறீர்கள்" என்று சொல்லாமல் சொல்வது.

சின்ன உதவியால் என்ன ஆகிவிடும்?

சிலர் கேட்கலாம். "ஒரு தூக்குச் சட்டிக் கஞ்சியால் பக்கவாதம் குணமாகுமா? ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்தால் ஆஸ்பத்திரிக் கடன் அடைந்துவிடுமா?" நியாயமான கேள்விதான். ஆகாது, அடையாது.

ஆனால் அந்த மனைவியைப் பிடித்திருப்பது ஒரே ஒரு கஷ்டம் அல்ல. நோய் ஒரு கஷ்டம். பணம் ஒரு கஷ்டம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: தான் தனியாக விடப்பட்டோம் என்ற எண்ணம். முதலாவதைக் குறைக்க டாக்டரும், இரண்டாவதைக் குறைக்க வசதியுள்ளவரும் வேண்டும். மூன்றாவதைக் குறைக்க நம்மில் யாராலும் முடியும். அதற்கு அளவும் தேவையில்லை. பாரம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒருவர் கூட வந்து நின்றால் தூக்குகிறவருடைய மூச்சு கொஞ்சம் சீராகிறது.

நன்மையில் எதையும் அற்பமாக எண்ண வேண்டாம், மலர்ந்த முகத்தோடு சகோதரனைச் சந்திப்பதும் அதில் சேரும் என்பது நபிமொழியின் கருத்து. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள் என்ற அறிவுரையை அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள். கறியைக் கூட்டச் சொல்லவில்லை. தண்ணீரைக் கூட்டச் சொன்னார்கள்! இல்லாதவனும் கொடுக்க வழி செய்த மார்க்கம் இது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம் பூட்டு. எவ்வளவு கனமான பூட்டாக இருந்தாலும் அதைத் திறப்பது விரல் நீளச் சாவிதான்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிறு உபகாரம் எல்லோருடைய கடமையையும் முடித்துவிடாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வேளை சோறு கொடுத்தால் அது உபகாரம். நோயாளியின் சொந்த அண்ணன், கையில் வசதி இருந்தும், மருத்துவச் செலவில் பங்கெடுக்காமல், ஓர் இரவுகூடக் காவல் இருக்காமல், வாரம் ஒரு கிலோ ஆப்பிளோடு வந்து போனால் அது உபகாரம் அல்ல, தப்பித்தல். நாம் அந்த வீட்டுக்கு யார், நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் 'சிறியது' எது என்பது முடிவாகும். அல்லாஹ் நம்மிடம் கேட்கப்போவதும் அதைத்தான்.

எதைச் செய்யலாம்?

முதலில் சாப்பாடு. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர் குடும்பத்துக்குச் சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம், வேறு எதிலும் கவனம் செலுத்த முடியாத ஒரு துன்பம் அவர்களுக்கு வந்திருக்கிறது என்பது. மௌத்து வீட்டுக்கு நாம் இதைச் செய்கிறோம். அதே காரணம் நோயாளி வீட்டுக்கும் பொருந்தாதா? வாற்கோதுமை மாவில் செய்யும் தல்பீனா என்ற கஞ்சியை, நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் ஆறுதல் தரும் உணவாக ஆயிஷா (ரலி) அவர்கள் பரிந்துரைத்தார்கள். படுத்திருப்பவருக்கு மட்டுமல்ல, மனம் ஒடிந்திருப்பவருக்கும் அது தேவை என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது.

இதில் ஒரு நுட்பம். நோயாளிக்குப் பத்தியம். உப்பில்லாத கஞ்சி, காரமில்லாத ரசம். தனக்கென்று தனியாகச் சமைக்க அந்த மனைவிக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. ஆகவே அவரும் அதையே சாப்பிடுகிறார். மாதக்கணக்கில்! பத்தியம் யாருக்கு? அவருக்கு இல்லையே! வீட்டில் சீரகச் சம்பா பிரியாணி ஆக்கும் நாளில் ஒரு டப்பா அவருக்கு என்று எடுத்து வையுங்கள். "இது நீங்க சாப்பிடுறதுக்கு" என்று சொல்லியே கொடுங்கள். அதை நோயாளிக்கு முன்னால் வைத்துத் திறக்காமல் அடுப்படியில் கொடுப்பது ஒழுக்கம். ரமலானில் பள்ளிவாசலில் கஞ்சி வாங்க நீங்கள் போகும்போது அந்த வீட்டுத் தூக்குச் சட்டியையும் சேர்த்து எடுத்துப் போங்கள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தர வேண்டும் என்ற கவலையையும் அவருக்கு வைக்காதீர்கள்.

இரண்டாவது, நேரம். சகோதரிகளே, இது பெரும்பாலும் உங்களால்தான் முடியும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறோம். யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்க வெட்கப்படுவார்கள். "நாளைக்கு மூணு மணிக்கு வர்றேன். அஞ்சு மணி வரைக்கும் நான் பார்த்துக்கிறேன். நீங்க குளிச்சுட்டுத் தூங்குங்க" என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்க வேண்டிய உதவி பாதி உதவிதான்.

மூன்றாவது, அலைச்சல். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கான திட்டம் அது. அதற்கு வருமானச் சான்று வேண்டும், கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். கட்டிலை விட்டு நகர முடியாதவர் எப்படிப் போவார்? பாதி வேலையையாவது நீங்கள் ஓடி முடித்துக் கொடுக்கலாமே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை நர்ஸ் வந்து பார்க்கிறார். பல வீடுகளுக்கு இது தெரியாது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை போய்ச் சொல்லி வைப்பதும் ஸதகாதான். இதற்கு உங்களுக்கு ஆவது ஒரு காலை நேரம். அவருக்கு மிச்சமாவது பல நாள் முதுகுவலி.

நான்காவது, தொழில். உஸ்மான் (ரலி) அவர்களுக்குக் கிடைத்தது வெறும் பாராட்டு அல்ல. போர்ப் பொருளில் பங்கு. முதலாளிகளே, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். உங்கள் தோல் ஷாப்பில், பூட்டுப் பட்டறையில், கடையில் வேலை செய்பவர் மனைவியின் சிகிச்சைக்காக நான்கு நாள் வரவில்லை என்றால், அந்த நாலு நாள் கூலியைப் பிடிக்காமல் கொடுத்துப் பாருங்கள். அவருடைய வேலையைச் சக தொழிலாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது, சந்தோஷம். ஆம், வெறும் சந்தோஷம். நிலக்கோட்டை மல்லி மலிவாக வரும் நாளில் ஒரு முழம் வாங்கி அந்தச் சகோதரிக்குக் கொண்டு போங்கள். வீட்டில் நோய் வந்த நாளிலிருந்து அவர் பூ வைப்பதை விட்டிருப்பார். யாரும் தடுக்கவில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நோயைப் பற்றிப் பேசாமல், பிள்ளைகளைப் பற்றி, பழைய கதையைப் பற்றிப் பேசிச் சிரிக்க வையுங்கள்.

ஆறாவது, நாவைக் காப்பது. "இதே மாதிரிதான் எங்க சித்தப்பாவுக்கும் வந்துச்சு, மூணு மாசத்துல போயிட்டாரு" என்று சொல்லாதீர்கள். "நீங்க முன்னாடியே கவனிச்சிருக்கணும்" என்று சொல்லாதீர்கள். அந்த டாக்டரை விட்டுவிடு, இந்த வைத்தியரிடம் போ என்று குழப்பாதீர்கள். உட்கார்ந்து டீ போட வைக்காதீர்கள். போட்டோ எடுத்து குரூப்பில் போடாதீர்கள். எதுவும் சொல்லத் தெரியவில்லை என்றால், துஆ செய்துவிட்டுச் சீக்கிரம் எழுந்து வாருங்கள். அதுவே பெரிய உபகாரம்.

மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவர்

ஒரு மனைவி கணவனைப் பார்த்துக்கொண்டால், அதை நாம் ஒரு சேவையாகவே எண்ணுவதில்லை. "பொண்டாட்டின்னா பார்க்கத்தானே வேணும்" என்று முடித்துவிடுகிறோம். ஒரு கணவன் மனைவியைப் பார்த்துக்கொண்டால் பரிதாபப்படுகிறோம். சிலர் கேலியும் செய்கிறார்கள். இரண்டும் அநீதி.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். மனைவிக்குச் சோறு ஊட்டுபவனும், துணி அலசுபவனும் அந்த சுன்னத்தின் பக்கத்தில்தான் நிற்கிறான்.

அப்படிப்பட்ட ஒரு கணவருக்கு எப்படி உதவுவது? உமர் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒரு செய்தி வருகிறது. இரவு நகர்வலத்தில், மதீனாவுக்கு வெளியே ஒரு கூடாரம். உள்ளே ஒரு பெண் பிரசவ வலியில் துடிக்கிறாள். வெளியே கணவன் செய்வதறியாமல் உட்கார்ந்திருக்கிறான். உமர் (ரலி) வீட்டுக்குப் போய் மனைவி உம்மு குல்ஸும் அவர்களை அழைத்துக்கொண்டு, மாவும் நெய்யும் தாமே சுமந்து வருகிறார்கள். மனைவியை உள்ளே அனுப்புகிறார்கள். பிறகு என்ன செய்தார்கள்? கலீஃபா அந்தக் கணவனோடு வெளியே உட்கார்ந்து, அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். குழந்தை பிறந்து, உள்ளிருந்து உம்மு குல்ஸும் "அமீருல் மூமினீனே" என்று அழைத்தபோதுதான், தன்னோடு புகையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதே அவனுக்குத் தெரிந்தது.

உள்ளே இருப்பவளுக்கு ஒரு துணை. வெளியே இருப்பவனுக்கும் ஒரு துணை. இரண்டு பேரையும் அந்த இரவு மறக்கவில்லை. நாமும் தம்பதியாகப் போகலாம். மனைவி உள்ளே போகட்டும். நீங்கள் அந்தக் கணவரை வாசலுக்கோ டீக்கடைக்கோ அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ஆண்கள் அழ மாட்டார்கள். ஆனால் டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா இருப்பார்கள். அதற்கும் ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு

இதைப் படிப்பவர்களில் சிலர் இப்போதே அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கலாம். உங்களிடம் மூன்று வார்த்தை.

உதவி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்" என்று திருப்பி அனுப்புவது ரோஷம், பொறுமை அல்ல. நீங்கள் ஒரு டப்பா சோற்றை வாங்கிக்கொண்டால், கொடுத்தவருக்கு நன்மையின் ஒரு கதவைத் திறந்து விடுகிறீர்கள்.

உங்கள் உடலுக்கும் உங்கள் மீது உரிமை உண்டு. இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பு வைத்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், உன் உயிருக்கும் உன் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) எடுத்துச் சொன்னார்கள். ஸல்மான் சொன்னது சரிதான் என்று நபியவர்களும் உறுதிப்படுத்தினார்கள். இபாதத்திலேயே அந்த வரம்பு உண்டென்றால், தூங்காமல் விழித்திருந்து நீங்களும் விழுந்துவிடுவது எப்படிச் சரியாகும்?

சிரிப்பு வந்தால் சிரியுங்கள். கணவர் படுத்திருக்கும்போது எனக்கு ஒரு நல்ல நேரமா என்று குற்ற உணர்ச்சி வேண்டாம். உங்கள் முகம் மலர்ந்தால் அதை முதலில் பார்ப்பவர் அந்தக் கட்டிலில் இருப்பவர்தான். சில நாள் எரிச்சல் வரும், குரல் உயரும், பிறகு அழுகை வரும். அதனால் நீங்கள் கெட்டவராகிவிட மாட்டீர்கள். களைத்தவர், அவ்வளவுதான்.

மஹல்லாவாக ஒரு காரியம்

நமக்கு மேற்கே கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்தில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நல்ல காரியம் நடந்து வருகிறது. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, தம் பகுதியில் நீண்ட நாள் படுத்திருப்பவர்களின் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். கடைக்காரர்களும் மாணவர்களும் வீட்டுப் பெண்களும் அதில் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போனவர்கள் நோயாளியோடு சேர்த்து அந்தக் குடும்பத்தையும் பார்க்கிறார்கள்.

நம்மால் முடியாதா? ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு சிறு நோட்டு இருக்கட்டும். நம் எல்லைக்குள் எந்தெந்த வீட்டில் நீண்ட நாள் நோயாளி இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்பவர் யார், எந்தக் கிழமை யார் போகிறார்கள் என்று அதில் எழுதுங்கள். முதல் வாரத்தை விட்டுவிடுங்கள். அதை ஊர் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது மாதத்திலிருந்து அந்த நோட்டுக்கு வேலை. மஹல்லா எல்லைக்குள் இருக்கும் முஸ்லிம் அல்லாத வீடுகளையும் சேர்த்து எழுதுங்கள். ஆடு அறுத்த வீட்டில், நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) விசாரித்தது நமக்குப் பாடம். அரசு ஆஸ்பத்திரி வார்டில் இதை ஏழைப் பெண்கள் நமக்குச் செய்து காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். "நீ போய் டீ குடிச்சுட்டு வாம்மா, உங்க வீட்டுக்காரரை நான் பார்த்துக்கிறேன்" என்று அடுத்த கட்டில்காரம்மா சொல்லும்போது, யார் என்ன மதம் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

ஆகவே சகோதரர்களே, இன்று தொழுதுவிட்டுப் போகும்போது, மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் விசாரித்துவிட்டு வந்த ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே இன்னும் ஒருவர் கட்டிலருகில் இருக்கிறார். இந்த வாரம் அவருக்காக என்று மட்டும் ஒருமுறை போய் வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களுக்குத் துணையாக இருக்கும் கணவன்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும் உடல் பலத்தையும் மன அமைதியையும் தருவாயாக. அவர்கள் விழித்திருந்த இரவுகளை நன்மையாக எழுதுவாயாக. அவர்களை மறந்துவிடாத உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.